மறுபடியும் கோணிய வளையம்

பழைய டிரம்மின் மர வளையத்தோடு பேண்டு மாஸ்டர் மூன்றாவது தடவையாகப் பட்டறைக்கு வந்ததும், முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, அங்கே மரம் வளைக்கும் தங்கச்சியைப் பார்த்துக் கத்தினார்.

"மறுபடியும் கோணிக்கிச்சா? நாய் வாலைக்கூட நிமிர்த்திடலாம் போலிருக்கே! தங்கச்சி, ஆவி காட்டி, அச்சுல இறுக்கிக் கட்டி, நல்லாக் காய விட்டா ஆயுசுக்கும் கோணாதே! இனிமே நீ பட்டறைப் பக்கமே வராத, நான் பாத்துக்கறேன்."

திட்டித் தீர்த்துவிட்டு அவர் டீ குடிக்கக் கிளம்பினார். மாஸ்டர் அவசரமாகத் தங்கச்சியிடம் போனார். தன்னால் ஒரு நல்ல வேலைக்காரிக்குக் கெட்ட பெயரா?

"உங்க மேல தப்பே இல்லைங்க. போன தடவை நான்தான் வளையத்தை வாளித் தண்ணில ஊறப் போட்டேன். உங்களைப் பாக்க வேற சாக்கு கிடைக்கல."

"தெரியும். மரமெல்லாம் ஒரே சோப்பு வாசனை" என்று தங்கச்சி சிரித்தாள்.

"ஆனா சத்தியமா இந்தத் தடவை நான் ஒண்ணுமே பண்ணலைங்க! நேராவே வந்து பேசிடலாம்னு பத்திரமாத்தான் வச்சிருந்தேன். அதுவாக் கோணிக்கிச்சு."

தங்கச்சி தலை நிமிராமல் வளையத்தைத் தடவினாள்.

"அதுவா எப்படிக் கோணும்? நீங்க திருந்திட்டா அப்புறம் எங்க இந்தப் பக்கம் வரப்போறீங்கன்னு, காயறதுக்கு முன்னாடியே அச்சுல கட்டினதை அவுத்தது நான்தான்."