ஷீல்டுக்கு இடம் உண்டு

கோட்டூர்புரத்தில் மழை இன்னும் விடவில்லை. ஆற்றில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள், மேட்டுப் பகுதிக்குப் போங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திவிட்டுப் போகிறார்கள். மாடிப்படியில் நிற்கிறேன். கீழ்வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. ஹாலில் அகஸ்டின் வாத்தியார் அவசரத்துக்கென்று பை கட்டுகிறார். சர்ச்சில் பங்குப் பேரவைத் துணைத்தலைவராக இருந்தவர். சட்டையை மடிப்பதற்குக்கூடத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். குருத்தோலை ஞாயிறன்று வாங்கி வந்த ஓலை, மந்திரித்த மெழுகுவர்த்தி, அதற்குமேல் பொன்னாடைகள், எல்லாவற்றுக்கும் மேல் பேரவை கொடுத்த கண்ணாடி ஷீல்டு. ஃபிரிட்ஜிலிருந்து தன் இன்சுலின் டப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறாள் அவர் மனைவி டோரதி. "இதுக்கு எங்கங்க இடம்?" "கையில வெச்சுக்கோயேன். பை பிதுங்குது பாரு." "அந்த ஷீல்டை வெளியில எடுங்க." "பிஷப் கையால வாங்குனது டோரதி!" "ஆமா, படகுல வர்றவன் துணைத்தலைவர் யாருன்னு கேட்டுத்தான் ஏத்துவான்." அவர் பையின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுக்கிறார். உள்ளே கண்ணாடி நொறுங்குகிறது. எழுந்தால் பார்க்க வேண்டியிருக்குமே என்று எழாமல், போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாசற்படியைத் தாண்டி அழுக்குத் தண்ணீர் அவர் செருப்பை மெல்ல நகர்த்துகிறது. டோரதி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வருகிறாள். "அக்கா, உங்க ஃபிரிட்ஜுல கொஞ்சம் இடம் இருக்குமா?" "தயிரை நகர்த்தினா ஆச்சு, வாம்மா. அவரு வரலியா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரு பைக்குக் காவல்."