சித்தப்பாவின் கைக்கடிகாரம்

"வித்துடலாம்ண்ணே. ஓடாத வாட்சை வச்சு என்ன செய்ய?" என்றார் சித்தப்பா மகன் முருகப்பன்.

வள்ளியப்பன் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். காரைக்குடி கடைவீதியில் மரியப்பனின் வாட்ச் கடையில் மூன்று பேர் நின்றாலே மூச்சு முட்டும். கண்ணாடிப் பலகைமேல் சித்தப்பாவின் கைக்கடிகாரம் கிடந்தது. எண்கள் பாதி அழிந்து, முகப்பு பழுப்பேறி இருந்தது. சித்தப்பா போய் நாற்பது நாள்தான் ஆகிறது.

"ரிப்பேர் பண்ணலாம்ண்ணே," மரியப்பன் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றினார். "ஆனா உள்ள பாதி சாமான் போயிருச்சு. தேடிப் பிடிக்க ஆறு மாசம் ஆனாலும் ஆகும். பழசு சேக்குறவரு ஒருத்தரு மூணு மணிக்கு வாராரு. இப்படியே குடுத்தா நல்ல வெல தருவாரு."

"ஒங்களக் கேக்காம விக்க மாட்டேன்," என்றார் முருகப்பன். "சட்டுனு சொல்லுங்க. மணி ரெண்டே முக்கா."

வள்ளியப்பன் கடிகாரத்தை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார்.

"அது ஓடலண்ணே!" மரியப்பன் சிரித்தார்.

"தெரியும்."

வெளியே பஸ்களின் இரைச்சல் மெல்ல விலகிப் போனது. அகலமான ஒரு மார்பு ஏறி இறங்கியது. அதன்மேல் சிறுபிள்ளையாக அவர் தலை. தலையைச் சுற்றி ஒரு கை மடங்கியிருந்தது. காதுக்கு வெகு அருகில், சின்னப் பூச்சி ஒன்று இரும்பைக் கொறிப்பதுபோல் ஓயாத சத்தம். அது நிற்பதற்குள் தூங்கிவிட வேண்டும் என்று நினைப்பார். அது நின்றதே இல்லை. கனவா, நடந்ததா? இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்டதில்லை. அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று யாராவது சொல்லிவிட்டால்?

"ஓட வைங்க," என்றார். "எத்தனை மாசம் ஆனாலும் சரி. கீறலைத் தேய்க்காதீக, பளபளப்பாக்காதீக. ஓடுனா போதும். நான் வச்சுக்கிறேன்."

மரியப்பனுக்கு வேடிக்கையாக இருந்தது. "நல்ல குடும்பம்ண்ணே! பெத்த மகன் விக்கிறேங்குறாரு. அண்ணன் மகன் நீங்க விட மாட்டேங்குறீக!"

வள்ளியப்பன் தெருவில் இறங்கி நின்றார். முருகப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"சும்மா குடுத்தா இவுக வாங்க மாட்டாக மரியப்பா. அதான் விக்கிறேன்னு கெளப்பி விட்டேன். என்னைப் பெத்த அப்பச்சிக்கு மூத்த மகனே இவுகதான். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லைன்னு ஆறு வயசுல சுவீகாரம் குடுத்துட்டாக. பெத்த தகப்பனை இவுக சித்தப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்."