அழிக்காதீங்க

அழிக்க அழிக்க இடம் குறைந்தது.

மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் திரையை மறுபடி பார்த்தாள். காலையில் கொஞ்சமாவது இடம் இருந்தது. இப்போது சிவப்புக் கோடு மட்டும்.

மெயில் சர்வர் பழையது. இடம் இல்லையென்றால் எதையும் உள்ளே விடாது.

பழைய மெயில்களை அழிக்கும்படி வார்டு வார்டாகப் போன் செய்தவள் அவள்தான். மருத்துவமனை முழுக்க உட்கார்ந்து காலை வணக்க ரோஜாப் படங்களை அழித்துக்கொண்டிருந்தது.

உள்ளே வரவேண்டியது ஒன்றுதான். ஒச்சம்மாள் கணவரின் கழுத்துக் கட்டிச் சோதனை முடிவு. சென்னை லேப் அனுப்பியது, திரும்பிப் போய்விட்டது. பதிவு செய்த முகவரிக்குத்தான் அனுப்புவார்களாம். போனில் சொல்ல மாட்டார்களாம்.

அது வந்தால்தான் தெரியும்.

மதுரைக்கு ஆபரேஷனுக்கா, பயமில்லாத கட்டிதான் என்று வீட்டுக்கா.

ஒச்சம்மாள் கதவருகே நின்றாள், இடுப்பில் பையோடு.

"ஏந்தாயி, ஒம்பொட்டிக்கும் மலச்சிக்கலா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு யோசிக்க முடிந்தது.

இந்தச் சர்வர் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும். வந்ததை. போனதை.

அழித்ததையும்.

ஒவ்வொரு ரோஜாவுக்கும் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்புகள்தான் இடத்தைத் தின்கின்றன.

போனை எடுத்து முதல் வார்டு நர்ஸை அழைத்தாள். "அக்கா, அழிக்காதீங்க. யாரும் எதையும் அழிக்காதீங்க."

"காலையில அழி அழின்னு உசுர வாங்குனியேடி!"

பேக்கப் எடுத்து முடிந்ததும் அந்தக் குறிப்புகளைச் சர்வர் தானாகவே தூக்கிப் போட்டுவிடும். தினமும் எடுக்க வேண்டியது. ஏன் எடுக்கவில்லை?

மேசைக்கு அடியில் புகுந்தாள்.

பேக்கப் டிரைவின் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே காய்ந்த செவ்வந்தி. ஆயுத பூஜைக்கு யாரோ பக்தியாகக் கும்பிட்டிருக்கிறார்கள். கும்பிட்ட கையோடு அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அங்கே சீரியல் லைட்டைச் சொருகியிருக்கிறார்கள்.

லைட்டைக் கழற்றினாள். டிரைவைச் சொருகினாள்.

அது மெல்ல முனக ஆரம்பித்தது.

திரையில் பேக்கப்பின் பச்சைக் கோடு நகர்ந்தது. ஒச்சம்மாள் தரையில் உட்கார்ந்து, என்னவென்று புரியாமலே, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் பையை இறக்கி வைத்தாள்.

சிவப்பு விலகியது.

முடிவை மறுபடி அனுப்பச் சொல்லி லேபுக்குப் போன் போட்டாள்.

மெயில் வந்தது. நீளமான ஆங்கிலம். பெயருக்குக் கீழே பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அச்செடுத்து, காகிதத்தின் சூடு ஆறுமுன் டாக்டரிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி, இன்னொரு முறை படித்தார்.

முதலில் தளர்ந்தது அவர் நெற்றி. பிறகு தோள்கள்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தம்மாகிட்ட கேளுங்க. அவங்க ஊருக்கு அடுத்த பஸ் எப்போன்னு."