பையைப் பிரி!

"எறங்கும்மா. பையைப் பிரி."

விழுப்புரம் புறவழிச்சாலையில், ஏட்டு வீரம்மாளின் லத்தி சைக்கிளின் பின்னால் தொங்கிய பையைத் தட்டியது. ஆர்த்தி சைக்கிளை விட்டு இறங்கினாள். கன்னியாகுமரி வரை தன்னந்தனியாகப் போகும் முதல் சைக்கிள் பயணம் இது. விடியற்காலையில் திண்டிவனத்தில் கிளம்பியவள், இன்னும் விழுப்புரத்தைக்கூடத் தாண்டவில்லை.

"ஒண்ணும் இல்ல மேடம். டூர் போறேன்."

"இம்மாம் மூட்டையோடவா? பிரி, பிரி."

மூட்டை கொஞ்சம் அதிகம்தான். கூடாரம், குட்டி அடுப்பு, பாத்திரம், பஞ்சர் சாமான், போதாக்குறைக்கு ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. கடைசியாக வீரம்மாள் ஹேர் டிரையரை வெளியே எடுத்தபோது ஆர்த்தி வேறு பக்கம் பார்த்தாள்.

"இத்த எங்க சொருகுவ? புளியமரத்துலயா?"

கேட்டுவிட்டு வீரம்மாள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பையையும் கையில் தூக்கி எடை பார்த்தார். டயரை அமுக்கினார். பைகளைக் கட்டியிருந்த விதத்தைச் செல்போனில் நாலா பக்கமும் படம் பிடித்தார். கேஸ் போடத்தான் ஆதாரம் சேர்க்கிறார் என்று ஆர்த்தி முடிவு கட்டிவிட்டாள்.

"மேம்பாலம் ஏறுறப்ப முட்டி வலிக்கலியா?"

"வலிச்சுது மேடம். எறங்கித் தள்ளிக்கினுதான் வந்தேன்."

"ம்... சீட்டு உறுத்தலியா?"

"அத்த ஏன் கேக்கறீங்க மேடம்."

வீரம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வீட்ல எப்பிடி வுட்டாங்க?"

ஆர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு போன் போனால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி விடுவார். அதோடு பயணம் முடிந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசை ஆசையாக வாங்கிய சைக்கிளும் காயலான் கடைக்குப் போய்விடும்.

"மேடம், ப்ளீஸ் மேடம். அப்பாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

"தெரியாதா? அப்ப என்னா சொல்லிட்டு வந்த?"

"திருச்சியில ஆபீஸ் டிரெய்னிங்னு..."

"சைக்கிள எடுத்துக்கினு டிரெய்னிங்கா? கேக்கலியா அவுரு?"

"சைக்கிளு ஃப்ரெண்டு வீட்ல இருந்துச்சு மேடம். மூட்டையெல்லாம் அங்கதான் கட்டினேன். வீட்லேர்ந்து ஒரு ஹேண்ட்பேக்கோடதான் கெளம்பினேன்."

வீரம்மாள் முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் யாருமில்லை. லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

"நம்பிட்டாரா?"

"நம்பிட்டாரு மேடம்."

"சந்தேகமே படல?"

"ஊஹூம். வழியில சாப்டுன்னு சொல்லிதான் அனுப்புனாரு."

வீரம்மாளின் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

"அப்ப எங்க வூட்டுக்காரருகிட்ட நானும் டிரெய்னிங்னே சொல்லிட்டு சைக்கிள்ல கெளம்பிடறேன்!"