ரத்தத்தில் கொழுப்பு

"கண்டதையும் திங்கிறா, வேறென்னங்க?"

ஆஸ்பத்திரி வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள் மங்கையர்க்கரசி. கட்டிலில் மருமகள் துஷாந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். காலையில் இறப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், அங்கேயே விழுந்துவிட்டாள்.

"இவளுக்குக் கொழுப்புன்னு நான் அப்பவே சொன்னேன். இப்ப ரத்தத்துலயே இருக்காம்! ரெண்டு பொட்டப்புள்ளையோட வயித்தைக் காயப் போட்டுட்டா. தின்னதெல்லாம் பின்ன எங்க போகும்?"

பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியும் ஒரு மாமியாரா!

டொக்டர் ஷாமிளா குறுக்கிட்டார்.

"சத்தம் போடாதீங்கம்மா. சாப்பாட்டால மட்டும் இப்படி வராது. எடுத்த ரத்தத்துல பால் மாதிரி கொழுப்பு மிதக்குது. சிலருக்குப் பிறப்பிலேயே இது கூடுதலா இருக்கும். அவங்க கர்ப்பத்தடை மாத்திரை எடுத்தா எக்கச்சக்கமா ஏறிடும். அதுலதான் கணையம் வீங்கும். துஷாந்தினி, மாத்திரை ஏதும் எடுக்கிறீங்களா?"

துஷாந்தினி சுவரோரம் நின்ற கணவன் கஜேந்திரனைப் பார்த்தாள். பிறகு மாமியாரை.

"இல்லைங்க."

"எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடையாதுங்க," என்றான் கஜேந்திரன். "எனக்கு ஆம்பளப்புள்ள வேணும். இவளுக்குத்தான் தங்க மாட்டேங்குது."

டொக்டர் அவனைப் பார்க்கவில்லை.

"எடுத்திருந்தா சொல்லிடுங்க. திரும்பவும் அதையே முழுங்கினா அடுத்த தடவை காப்பாத்த ஏலாது."

"இல்லைங்க..." என்றாள் துஷாந்தினி.

மங்கையர்க்கரசி மெல்ல டொக்டரின் பக்கத்தில் வந்தாள்.

"எடுக்கிறா டொக்டரம்மா. யட்டியாந்தோட்டை பாமசியில நான்தான் வாங்கிக் குடுக்கிறேன். சின்னவளப் பெத்தப்ப ரத்தம் நிக்காம செத்துப் பொழைச்சா. இன்னொரு பிரசவம் தாங்கமாட்டான்னு அப்பவே சொல்லிட்டாங்க. இவன் கேக்கல."

கஜேந்திரன் கையை ஓங்கிக்கொண்டு கட்டிலை நோக்கிப் பாய்ந்தான். மங்கையர்க்கரசி குறுக்கே நின்றாள்.

"அடிக்கிறதுன்னா என்னைய அடி. உசிரைக் காப்பாத்துறேன்னு நான்தான்டா இவளை இப்படிப் படுக்க வச்சிருக்கேன். உனக்குச் சந்தேகம் வந்துறக் கூடாதுன்னுதான், லயத்து வீடெல்லாம் கேக்குற மாதிரி தெனம் இவளை வஞ்சேன்!"