இடப்பக்கம்

கணவர் ஹபீல் மவுத்தாகி, விதவையின் இத்தா இருப்பு முடிந்து, பாயிஸா தனியாக வீடியோ எடுக்கப்போகும் முதல் கலியாணம் மறுநாள் கம்பளையில் இருந்தது. கெமராவை ஆடாமல் தாங்கும் அவருடைய ஸ்டெபிலைசரில் எடுத்தால், அவர் நடந்ததுபோலவே படம் இடப்பக்கம் நொண்டியது. புதிதொன்று வாங்கக் கண்டிக்கு வந்தாள்.

கடையில் புதியதில் கெமராவைப் பூட்டி, முன்னும் பின்னும் நகர்த்தினாள். கையை விட்டதும் சாயாமல் நின்றது. கடைக்காரர் நடந்து எடுத்தார். படம் தண்ணீர்போல் ஓடியது. பிறகு அவள் எடுத்தாள். மூடியிருந்த கண்ணாடிக் கதவுவரை நடந்து, நின்றாள்.

இருவரும் போட்டுப் பார்த்தார்கள்.

“கால்ல சுளுக்கா ராத்தா? படம் நொண்டுதே!” என்றார் கடைக்காரர்.

“இல்ல.”

கதவருகே அவள் நின்ற பிறகும் படம் நிற்கவில்லை. நொண்டி நொண்டி, மூடிய கதவைக் கடந்து, வீதியில் இறங்கியது.

“வேறொண்டு காட்டவா?”

“வாணாம். இதையே கட்டுங்க.”