மணிக்கூட்டில் பத்துப் பத்து

காலுறைக்குள் இருந்த கைத்தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. கதிரையைச் சத்தமாக இழுத்து அதை மறைத்தேன்.

வாக்குச்சாவடிக்குள் தொலைபேசி கொண்டுவரக் கூடாது. கட்சி முகவர்கள் நான்கு பேரும் காலையிலேயே அதற்குக் கையெழுத்து வைத்திருந்தோம்.

இப்போது பன்னிரண்டு இருபது. பள்ளிக்கூடக் கேற்றடியில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். வரிசை என்று ஒன்று இல்லை. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் வாக்குப் போடாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண்குரல் கத்தியது. மற்றவர்கள் சேர்ந்து கத்தினார்கள்.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது. மூடி திறந்த வாக்குப்பெட்டி. அதைச் சரித்துப் பிடித்திருக்கும் தலைமை அலுவலர் பேணாட். அவருக்குப் பின்னால், சுவர் மணிக்கூட்டில் பத்து மணி பத்து நிமிடம். வாக்களிப்பு நடக்கும்போதே பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தது. ஊர் முழுக்க அதைப் பார்த்துவிட்டது.

மாவட்டச் செயலகமான கச்சேரியின் தேர்தல் முறைப்பாட்டுப் பிரிவிலிருந்து வந்த றிஷானா படத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மணிக்கூடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

“காலமை அது பத்துப் பத்தில நிண்டு போயிருந்தது, மிஸ்,” என்றார் பேணாட். “பெட்டி வெறுமையெண்டு இவையளுக்குக் காட்டி, மூடி முத்திரை வைச்ச பிறகுதான் பற்றறி போட்டனான். நாலு மணிக்குக் கதவு சாத்தோணுமே.”

அவருடைய சொந்த டோர்ச்சிலிருந்து எடுத்த பற்றறி. டோர்ச் மேசையில் வாயைத் திறந்தபடி கிடந்தது.

“அந்தப் பற்றறியப் போடாம இருந்திருந்தா இப்ப எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம், சேர்,” என்றான் மற்றக் கட்சி முகவர் ஸஜ்ஜாத். யாரும் சிரிக்கவில்லை. அவன்தான் கேற்றடிக்குப் போய் நடந்ததைச் சொன்னவன். நீயும் அவங்கட ஆள்தானே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

நான் போகவில்லை.

றிஷானா முகவர்கள் நால்வரையும் பார்த்தார்.

“எனக்கு மூலப்படம் வேணும். எடுத்த நேரம் அதில இருக்கும். காலமை எண்டா அஞ்சு நிமிசத்தில அறிவிப்பு வெளியில விடுவன். இல்லாட்டி ஒரு மணிக்கு இந்தச் சாவடிய மூடச் சொல்லுவாங்க. சேர் விசாரணைக்குப் போகோணும்.” பிறகு சொன்னார்: “எடுத்த ஆளையும் முதல் பரப்பின ஆளையும் பொலிஸ் பாக்கும். அது என்ர வேலையில்ல.”

பேணாட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் என்று காலையில் சொல்லியிருந்தார்.

வெளியே பெண்குரல் நின்றது. காலுறை அதிர்ந்தது.

அதிர்வு நின்றது. வெளியே பெண்குரல் தொடங்கியது.

மூத்திரம் முட்டியது போல இருந்தது. பத்தரைக்குக் கழிப்பறைக்குப் போனபோதும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். உள்ளே நின்று, காலையில் எடுத்த படத்தை அனுப்பினேன். அவசரத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

குனிந்து தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தேன்.

“நாசமாப் போவானே,” என்றான் ஸஜ்ஜாத்.

பேணாட் டோர்ச்சை எடுத்து மூடியைத் திருகினார்.

றிஷானா படத்தைத் திறந்தார். காலை ஆறு நாற்பத்து நான்கு, வாக்களிப்புத் தொடங்குவதற்கு முன். அவருடைய தோள் இறங்கியது. தன் தொலைபேசியில் அதைப் படம் பிடித்து அனுப்பினார்.

“ஆருக்கு அனுப்பினனீங்க?”

வெளியே பெண்குரல் நின்றது.

அவர் கையிலிருந்த என் தொலைபேசி அதிர்ந்தது. திரையில் பெயர் வந்தது: லதுஷா.

றிஷானா யன்னலுக்குப் போனார். கேற்றுக்கு முன்னால், எல்லாருக்கும் முதல் ஆளாக, என் மனைவி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணம் கட்டி ஆறு வருடம். ஒரு தேர்தலிலும் வாக்குப் போடாதவள். விடிய, நான் சப்பாத்துப் போடும்போது கேட்டேன், இந்த முறையாவது வருவாயா என்று. வெறும் பெட்டியைக் கண்ணால் கண்டால் வருகிறேன் என்றாள்.

வந்திருந்தாள்.